மயில் இறக்கத்தில் முதல் சக்கரம்

ஜூன் 16, ஞாயிறு

சைக்கிளின் பின்விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். இந்தச் சிவப்பு வெளிச்சம் கதவுக்கு அடியில் தெரியாது. போன மாதம் முன்விளக்கை வைத்துப் படித்துக்கொண்டிருந்த அன்று அப்பா கதவைத் தட்டவில்லை. உதைத்தார். தாழ்ப்பாள் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

இன்று இரண்டு இடம் பார்த்தோம். ஜெயசீலன் அண்ணா வடவள்ளியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கோயமுத்தூரைச் சுற்றி மலைச் சைக்கிள் ஓட்டுவதற்கு ஏற்ற இடங்களையெல்லாம் கண்டுபிடித்து, ஒரு வரைபடமாகப் போட்டு, எல்லோரும் கைப்பேசியில் பார்க்கும்படி ஏற்றிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவோம். அண்ணா, இன்ஜினியரிங் படிக்கிற வேந்தன் அண்ணா, என்னோடு பதினொன்றாம் வகுப்பில் இருக்கிற ஷமீனா, நான்.

முதல் இடம் ஒரு குளக்கரை. காற்று நன்றாக இருந்தது. ஆனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இது சைக்கிள் ஓட்டற எடமில்லீங்ண்ணா. வாக்கிங் வர்ற பெரியவங்களுக்கு வணக்கம் சொல்ற எடம்" என்றார் வேந்தன் அண்ணா. சொன்னதோடு நிற்காமல் எதிரே வந்த எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே ஓட்டினார். ஒருவர் நின்று, "நீ யாரு பையன் கண்ணு?" என்று கேட்டுவிட்டார்.

இரண்டாவது, ரயில் பாதையை ஒட்டிய ஒரு மேடு. இறக்கம் இருந்தது. ஆனால் தரை முழுக்க வேலமுள். ஷமீனாவின் இரண்டு டயரும் போயின. அண்ணா வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்பில் ஒரு கோடு அடித்தார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இடத்தைக் கண்டுபிடித்தவர்தான் முதலில் இறங்க வேண்டும். "ஆளுகளக் கூட்டிட்டு வந்தவன் மொதல்ல உழுகோணும். அப்பறம் மத்தவங்க உழுகலாம்" என்பார் அண்ணா. நான் இதுவரை ஒரு இடமும் கண்டுபிடித்ததில்லை.

ஜூன் 19, புதன்

அம்மாவின் இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கிரைண்டரில் இடித்துக்கொண்டாளாம். எங்கள் கிரைண்டர் போன மாதமே பழுதாகிக் கடைக்குப் போனது.

வேதியியல் பாடம் இரண்டு பக்கம் படித்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

அம்மாவின் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தை ஒரு வாரமாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்கிய வழி சைக்கிளுக்கும் வழி என்று எனக்குத் தோன்றும். ஊசிக்கரடு என்கிற சிறு குன்றின் மேற்குப் பக்கம் மேலிருந்து கீழ் வரை வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. மழை ஓடிக் காய்ந்த தடம். காட்டிலாகா நிலம் இல்லை, மேய்ச்சல் புறம்போக்கு. எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் அந்தக் கரடு தெரியும். படத்தில் கரட்டுக்கு அடியில் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள் இருந்தன. போன வருடப் படத்தில் அவை இல்லை.

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே மேலே ஏறினோம். உச்சியில் வழவழவென்று ஒரு பாறை. அதற்குக் கீழே உதிரிக் கற்கள். பிறகு ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் ஓர் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு பள்ளம், அதில் குதித்துத்தான் ஆக வேண்டும். குதித்த பிறகு பிரேக்கைத் தொடக் கூடாது, தொட்டால் பொடிமண் வழுக்கிவிடும். நேராக விட்டால் இரண்டு வெள்வேல மரங்களுக்கு நடுவில் புகுந்து கீழே ஓடைக்குள் போய் நிற்கலாம்.

"கோகிலவாணி, உன்ற எடம். நீதா மொதல்ல" என்றார் ஜெயசீலன் அண்ணா.

"கோகி, உசுரோட இருந்தா கீழ போயி கைய ஆட்டு. இல்லீன்னா ஆட்ட வேண்டாம்" என்றார் வேந்தன் அண்ணா. தன் ஹெல்மெட்டில் இருந்த கேமராவைக் கழற்றி என் ஹெல்மெட்டில் மாட்டிவிட்டார்.

அண்ணா விசில் ஊதினார். யாராவது இறங்கினால் கீழே இருப்பவர்கள் ஒதுங்குவதற்காக அந்த விசில். நான் பாறையிலிருந்து விட்டேன். வளைவில் ஒரு மயில் காலடியிலிருந்து எழும்பி என் முகத்துக்கு நேரே பறந்தது. கண்ணை மூடிக்கொண்டேதான் குதித்தேன். திறந்தபோது மரங்களுக்கு நடுவில் புகுந்து வெளியே வந்திருந்தேன்.

கையை ஆட்டினேன். எவ்வளவு நேரம் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

அந்த இடத்துக்கு மயில் இறக்கம் என்று பெயர் வைத்தோம்.

ஜூன் 24, திங்கள்

சாப்பிடும்போது அப்பாவுக்கு வீடியோவைக் காட்டினேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். இந்தச் சைக்கிளை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த அன்று கடைக்குக் கூட்டிப்போய், "எது நல்லதோ அதக் குடுங்க. எம்பொண்ணு உழுந்தாலும் சைக்கிளு ஒடையக் கூடாது" என்று கேட்டார்.

மயில் பறந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார். வாசலில் நின்றிருந்த டிரைவர் மாரப்பனைக் கூப்பிட்டு, "பாரு மாரப்பா, எம்பொண்ணு. நீ டிப்பர்ல எறங்கறதுக்கே பயப்படுவ" என்றார்.

இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்தபோது, குதிக்கிற இடத்துக்குப் பின்னால் கரட்டை வெட்டிய செம்மண் சுவர் தெரிந்தது. அப்பா அங்கே நிறுத்திப் பார்த்தார். சிரிக்கவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு தோசை கேட்டார்.

ஜூன் 29, சனி

மாரப்பன் டிப்பரைப் பின்னால் எடுக்கும்போது எங்கள் கேட்டின் தூண் பெயர்ந்துவிட்டது. அப்பா வீல் ஸ்பேனரை எடுத்து அவர் முழங்காலில் அடித்தார். விழுந்த பிறகு முதுகில் அடித்தார். மாரப்பன், "வேண்டாங்க, வேண்டாங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சத்தம் கதவுக்குள்ளும் கேட்டது.

அப்புறம் ஹோஸ் பிடித்து வாசலைக் கழுவியது நான்தான். சிமெண்டில் ஊறிய இடம் போகவில்லை. அதன்மேல் பூந்தொட்டியை நகர்த்தி வைத்தேன்.

ஜூலை 10, புதன்

அப்பாவுக்கு இரண்டு பொக்லைன், ஐந்து டிப்பர். செங்கல் சூளைகளுக்குச் செம்மண் அடிக்கிறார். செம்மண் அள்ளத் தடை வந்த பிறகு ராத்திரியில் மட்டும் வண்டிகள் போகும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

நேற்று அதிகாரிகள் வந்து ஊசிக்கரட்டு அடியில் ஒரு பொக்லைனைப் பிடித்துவிட்டார்கள். ஜெயசீலன் அண்ணா மயில் இறக்கத்தை வரைபடத்தில் ஏற்றிய பிறகு, வாரா வாரம் நகரத்திலிருந்து புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். எல்லோருடைய ஹெல்மெட்டிலும் கேமரா. யாரோ ஒருவர் வீடியோவில் தெரிந்த குழியை நிறுத்திப் பார்த்துப் புகார் கொடுத்திருக்கிறார்.

அப்பா சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தார். என்னை அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் சாதாரணமாக இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழமயும் போறீங்களா பாப்பா?"

"ஆமாங்ப்பா."

"எத்தன மணிக்கு எறங்குவீங்க?"

"ஆறு, ஆறே காலுக்குங்."

"மொதல்ல ஆரு எறங்குவா?"

கண்டுபிடித்தவர் முதலில் இறங்குகிற வழக்கத்தைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்ப எப்பவும் நீதா முன்னாடி" என்றார். என் தலையைத் தடவினார். கை நடுங்கியது. கோபத்தில் அவருக்கு எப்போதும் அப்படித்தான் நடுங்கும்.

ஜூலை 13, சனி

நாளை பழனிக்குப் போகிறோமாம். அப்பா திடீரென்று சொன்னார். எங்களை எங்கேயும் கூட்டிப்போகிற ஆள் இல்லை அவர். பெரிய மாமா மகளின் கல்யாணத்துக்குக்கூடக் கடைசிப் பந்தியில்தான் வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்குச் சந்தோஷம். புதுப் புடவையை எடுத்து வைத்திருக்கிறாள்.

எனக்குத்தான் வருத்தம். நான் வரவில்லை என்று ஷமீனாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஜூலை 14, ஞாயிறு

படிக்கட்டு ஏறும்போது அப்பா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தார். சாமி கும்பிடும்போதும் பார்த்தார். எனக்குப் பஞ்சாமிர்தம் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஷமீனா கூப்பிட்டாள். அழுதாள். என்ன சொல்கிறாள் என்று முதலில் புரியவில்லை.

எழுத முடியவில்லை.

ஜூலை 15, திங்கள்

பள்ளி முடிந்ததும் ஷமீனாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேந்தன் அண்ணாவைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக மூச்சு போய் வருகிறது.

ஷமீனா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ வரலைன்னதும் ஆரு மொதல்ல எறங்கறதுன்னு பேச்சு வந்துச்சு. 'கோகியோட சீட்ல நான் உக்காந்துக்கறேன், அவ வந்து கேட்டா எந்திரிச்சுக்கறேன்'னாரு. விசில் ஊதுனாங்க. குதிச்ச வரைக்கும் கத்திட்டே போனாரு. அப்பறம் கத்தல் நின்னு போச்சு. அந்த ரெண்டு மரத்துக்கும் நடுவுல கம்பி கட்டியிருந்துச்சுடி. கழுத்து உசரத்துக்கு. சைக்கிளு மட்டும் தனியா ஓடைக்குப் போயிருச்சு."

பிறகு மீதியையும் சொன்னாள்.

"எனக்குப் பின்னாடி அதுக்குள்ள ரெண்டு பேரு எறங்கிட்டாங்க. நானும் எறங்கிட்டேன். அவரு எந்திரிச்சுட்டாரு கோகி. ஒரு கைல கழுத்தப் புடிச்சிருக்காரு, விரலுக்கு நடுவால ரத்தம் பீச்சுது. இன்னொரு கைய நீட்டிட்டு கம்பிக்கு முன்னாடி வந்து நின்னாரு. எங்களுக்குச் சொல்றதுக்கு. வாயத் தொறக்கறாரு, சத்தமே வரல. நாங்க வண்டியச் சாச்சு உழுந்து நின்னதுக்கு அப்பறம்தான் அவரு உழுந்தாரு."

ஜூலை 17, புதன்

தோட்டத்துக்காரர் யாரோ காட்டுப்பன்றிக்குக் கட்டிய கம்பியாம். போலீஸ் அப்படித்தான் எழுதிக்கொண்டார்களாம். அந்த மரங்களைச் சுற்றி எந்தத் தோட்டமும் இல்லை.

எங்கள் ஷெட்டில் ஒரு கம்பிச் சுருள் இருந்தது. தக்காளிக்குக் கொடி கட்ட வாங்கியது. இருந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நாம எதுக்குப் பழனிக்குப் போனோம்?"

"சாமி கும்பிட."

"அப்பா எதுக்கு அன்னிக்குன்னு பாத்து—"

அம்மா கீரைத் தண்டை இரண்டாக ஒடித்தாள். மறுபடியும் ஒடித்தாள். ஆய்ந்த கீரையோடு ஆயாத கீரையைக் கலந்துவிட்டாள்.

"பாப்பா, அத வாயால சொல்லீட்டா அப்பறம் இந்த வீட்டுல நானும் நீயும் எங்க நிக்கறது?"

இருவரும் சேர்ந்து கீரையைப் பிரித்து வைத்தோம்.

ஜூலை 24, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளி விட்டு வந்தபோது என் சைக்கிள் வாசலில் படுக்க வைக்கப்பட்டிருந்தது. நான் உள்ளே வருவதற்காக அவர் காத்திருந்தார். வந்ததும் டிப்பரில் ஏறி உட்கார்ந்தார். முன் சக்கரத்தை அதன்மேல் ஏற்றினார். பின்னால் எடுத்து மறுபடியும் ஏற்றினார். ஸ்போக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடுகிற சத்தம் கேட்டது.

"இனிமே அந்தக் கரட்டுப் பக்கம் உன்னப் பாத்தா அடுத்தது சைக்கிளு இல்ல" என்றார்.

பிறகு கீழே இறங்கி வந்து என் கன்னத்தில் அறைந்தார். காது இப்போதும் இரைகிறது. ராத்திரி ஒரு டப்பா ஐஸ்கிரீம் வாங்கி வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். உருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்விளக்கு மட்டும் தப்பியது. அது தலையணைக்கு அடியில் இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வேந்தன் அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டார். தனி வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். குழாய் இன்னும் கழுத்தில் இருக்கிறது. குரல் வருமா வராதா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. கைப்பேசியில் தட்டித் தட்டிக் காட்டுகிறார்.

என்னைப் பார்த்ததும் தட்டினார்: "எல்லாரும் வாய மூடு வாய மூடுன்னு சொன்னீங்கல்ல. சந்தோசமா?"

சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

மறுபடி தட்டினார்: "ஏன் அழுவற. நீயா கட்டுன?"

கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வருகிற ஞாயிற்றுக்கிழமை மயில் இறக்கத்தில் எல்லோரும் இறங்கப்போகிறார்கள். நகரத்தில் இருக்கிற எல்லாக் குழுக்களுக்கும் ஜெயசீலன் அண்ணா சொல்லிவிட்டார். பத்திரிகையிலிருந்தும் ஆள் வருகிறதாம். கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"பயந்துட்டுப் போகாம வுட்டோம்னு வெச்சுக்கங்க, நகரத்தச் சுத்தி நமக்கு ஒரு எடம் பாக்கி இருக்காது. இன்னிக்கு இந்தக் கரடு, நாளைக்கு அடுத்த கரடு. சனிக்கெழம பொழுதோட நானே நடந்து ஒவ்வொரு மரமாத் தொட்டுப் பாக்கறேன். ஞாயித்துக்கெழம நானே மொதல்ல எறங்கறேன். கோகியோட வண்டிதா இல்லாமப் போச்சே."

அவருக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பேசும்போது அவர் இடுப்பில்தான் இருந்தது. அண்ணாவின் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குலதெய்வம் கோயிலுக்குப் போகலாம் என்று அப்பா சொன்னார்.

ஆகஸ்ட் 17, சனி



ஜெயசீலன் அண்ணா பொழுது சாயும்போது இறக்கம் முழுவதும் நடந்து பார்த்துவிட்டார். ஒன்றும் இல்லை. ஷமீனா சொன்னாள்.

அப்பா சாப்பிட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். இப்போதுதான் வந்தார். கொல்லைக் குழாயில் வெகுநேரம் கை கழுவினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் செருப்பில் செம்மண். முழங்கை வரைக்கும் முள் கீறல். வெள்வேல முள்.

ஜெயசீலன் அண்ணாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். மூன்று தடவை எண்ணை எடுத்தேன். கம்பி இருக்கிறது என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருந்தால் காலையில் அந்தக் குழந்தைக்கு அப்பா இருக்க மாட்டார். நானே போய் அவிழ்த்தாலும் அடுத்த ஞாயிறு வேறு மரத்தில் கட்டுவார்.

என் அப்பா ஒன்றே ஒன்று மட்டும் செய்ய மாட்டார் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. நான் முன்னால் போகிறேன் என்று தெரிந்தால் அவரே போய் அவிழ்த்துவிடுவார். அதனால்தான் பழனிக்குக் கூட்டிப் போனார். அதனால்தான் நாளைக்கும் கோயில்.

அவிழ்க்காவிட்டால்?

இதை எழுதும்போது அம்மா கதவைத் திறந்தாள். போர்வைக்குள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா எந்திரிச்சதும் நான்தா முன்னாடி எறங்கறேன்னு சொல்லீரு. மறக்காமச் சொல்லீரு."

அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள். வீங்கி வற்றிய அந்த மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்தாள்.

"கொல்லைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெ வுட்டிருக்கறேன். சத்தம் வராது" என்றாள்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆஸ்பத்திரி. இடது தோள்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது. வலது கை நன்றாக இருப்பதால் எழுத முடிகிறது. ஷமீனாதான் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று இருட்டோடு நடந்தே ஷமீனா வீட்டுக்குப் போனேன். அவள் அண்ணன் வண்டியில் கரட்டுக்கு வந்தோம். உச்சியில் கூட்டம். ஜெயசீலன் அண்ணா என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"நான்தாண்ணா முன்னாடி. என்ற எடம்" என்றேன்.

"வண்டி?"

வேந்தன் அண்ணாவின் சைக்கிளை அவர் தம்பி கொண்டுவந்திருந்தார். கைப்பிடியைத் துடைத்துப் புது உறை போட்டிருந்தார்கள். எனக்கு அது கொஞ்சம் பெரிது. வேந்தன் அண்ணா கீழே ஓடைப் பக்கம் காரில் இருப்பதாகவும், எல்லோரும் இறங்குவதை வீடியோ எடுக்கப்போவதாகவும் தம்பி சொன்னார்.

"அண்ணா, இன்னொருக்கா நடந்து பாத்துட்டுப் போலாமா?" என்று கேட்டேன்.

"நேத்துப் பொழுதோடதான தொட்டுத் தொட்டுப் பாத்தேன். ஏன் கண்ணு, பயமா இருக்குதா? அப்ப நான் போறேன், நீ தள்ளு."

"இல்லீங்ண்ணா" என்றேன்.

பாறைமேல் நின்றபோது கீழ்ச் சாலையில் எங்கள் ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. ஆகாயம் வெளுத்திருந்தது. அவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். நின்றால் அண்ணா போய்விடுவார். விசில் ஊதினார்கள். விட்டுவிட்டேன்.

வளைவு வரைக்கும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அதற்குமேல் பிடிக்க முடியாது. குதித்தேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

மரங்களுக்கு நடுவில் அப்பா இருந்தார். வேட்டி பாதி அவிழ்ந்து கிடந்தது. கம்பியின் முறுக்கை வெறும் கையால் பிரித்துக்கொண்டிருந்தார். விரல்களிலிருந்து ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்தது. என்னைப் பார்த்தார். முறுக்கை விட்டுவிட்டார். திரும்பிக் கம்பிக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். "பாப்பா" என்று மட்டும் கத்தினார்.

முன் சக்கரம் அவர் நெஞ்சில் ஏறியது. எலும்பு உடைந்த சத்தம் அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. நான் அவர் மேலேயே விழுந்தேன். அவர் பின்னால் சாய்ந்து கம்பியில் விழுந்தார். கம்பி அவர் முதுகுச் சதைக்குள் போய் நின்றது. அவர் அதில் தொங்கினார். என்னைப் பிடித்திருந்த கையை விடவில்லை.

ஜெயசீலன் அண்ணாவும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். யாரோ கட்டரால் கம்பியை வெட்டினார்கள். அப்பாவைத் தரையில் கிடத்தினார்கள்.

"கம்பியப் பாத்தேன். அவுக்கலாம்னு வந்தேன்" என்றார் அப்பா. பேசும்போது வாயோரம் ரத்தம் நுரைத்தது.

அண்ணா சுற்றிலும் பார்த்தார். கரடு முழுக்க மரங்கள். வெள்வேலமும் வேம்பும் ஊஞ்சையும். சாலையிலிருந்து பார்த்தால் எந்த மரமும் தனியாகத் தெரியாது.

"ரோட்டுல இருந்து எப்பிடீங்க கம்பி தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேந்தன் அண்ணா ஓடைக்குள்ளிருந்து மெதுவாக ஏறி வந்தார். கைப்பேசியை நீட்டிக்கொண்டே வந்தார். அதில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஜீப் நிற்கிறது. கதவைக்கூடச் சாத்தாமல் அப்பா ஓடுகிறார். எங்கேயும் திரும்பிப் பார்க்கவில்லை, எங்கேயும் தேடவில்லை. நேராக அந்த மரத்துக்கு ஓடுகிறார்.

வேந்தன் அண்ணா அதை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய குழாயிலிருந்து மூச்சு மட்டும் இரைந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

அப்பா இதே ஆஸ்பத்திரியில் கீழ் மாடியில் இருக்கிறார். வாசலில் போலீஸ். விலா எலும்புகள் நுரையீரலில் குத்தியிருக்கின்றன. பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

அம்மா அன்று காலை நடந்ததைச் சொன்னாள். எழுந்ததுமே அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். அவர் நம்பவில்லை. பொய் சொல்கிறாய் என்று அவளைச் சுவரில் தள்ளியிருக்கிறார். என் கட்டிலையும், குளியலறையையும், மொட்டை மாடியையும் தேடியிருக்கிறார். தேடாமல் கிளம்பியிருந்தால் அவிழ்க்க நேரம் இருந்திருக்கும். அம்மாவின் நெற்றியில் தையல் போட்டிருக்கிறது.

"நான் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்ல. அப்பவும் நம்பல" என்றாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்ஸ்பெக்டர் அம்மா மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் பெரிய மாமாவும் ஒறம்பரைச் சொந்தக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். மாமா என் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"உங்கப்பன் உன்னக் காப்பாத்த ஓடியாந்தாரு. நெஞ்சக் குடுத்து நிறுத்துனாரு. அத மட்டும் சொல்லு சாமி. எச்சா ஒண்ணும் பேச வேண்டாம். அது ஒண்ணும் பொய்யில்லையே?"

"இல்லீங் மாமா" என்றேன்.

"அவ்வளவுதான். பொம்பளப் புள்ள, நாளைக்கு உனக்கும் ஒரு நல்லது பொல்லது பாக்கோணும்."

இன்ஸ்பெக்டர் அம்மா வந்ததும் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். மாமா கதவருகிலேயே நின்றார். அம்மா சுவரோரம் நின்றாள்.

"அன்னைக்கு உங்க அப்பா அங்க எதுக்கும்மா வந்தாரு?"

"என்னக் காப்பாத்த ஓடி வந்தாருங்க. அது நெசம்."

மாமா மூச்சு விடுவது கேட்டது. தண்ணீர் கேட்டேன். அம்மா கொடுத்தாள்.

"மொத நாள் ராத்திரி அவருதான் போயி அதக் கட்டுனாருங்க. கைல முள்ளுக் கீறல் இருந்துச்சு, நான் பாத்தேன். போன தடவையும் அவருதான். ஷெட்டுல இருந்த கம்பிச் சுருள் அதுக்கப்பறம் காணாமப் போயிருச்சுங்க. வேந்தன் அண்ணா கழுத்து அறுபட்டப்ப நாங்க பழனில இருந்தோம். நான் முன்னாடி போயிரக் கூடாதுன்னு என்னக் கூட்டிட்டுப் போனாருங்க. அதுவும் நெசம்."

"பாப்பா" என்று மாமா அதட்டினார். இன்ஸ்பெக்டர் அம்மா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அம்மா சுவரிலிருந்து நகர்ந்து வந்து என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ சொல்லி முடிக்கட்டுங்க" என்றாள். "அப்பறம் நானும் கொஞ்சம் பேசோணும்."

செப்டம்பர் 1, ஞாயிறு

ஷமீனா வீட்டு மாடி அறையில் இருக்கிறோம். அம்மா தூங்குகிறாள்.

ஜெயசீலன் அண்ணா இன்று காலை மயில் இறக்கத்துக்குப் போனாராம். முதலில் ஆள் விட்டு நடந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்களாம். கண்டுபிடித்தவள் வரும் வரைக்கும் முதல் ஆள் இடத்தைக் காலியாக விட்டு, இரண்டாவது ஆளிலிருந்துதான் விசில் ஊதினார்களாம். வேந்தன் அண்ணா தட்டி அனுப்பியிருக்கிறார்: "சீக்கிரம் வா. நீ மொதல்ல, அண்ணா ரெண்டாவது. உன்னால நான் எப்பவும் மூணாவது."

ராத்திரிகளில் இன்னும் ஸ்போக் கம்பி அறுபடுகிற சத்தம் கேட்டு எழுந்துவிடுகிறேன். அவர் கைகளை விரித்துக்கொண்டு நிற்பதும் தெரிகிறது. இரண்டும் ஒரே ஆள் என்பதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் போகிறது. யாரோ படியேறி வந்தார்கள். பேனாவை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஷமீனாவின் அம்மா. தண்ணீர்ச் சொம்பை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலேயே இறங்கிப் போனார்.